நஞ்சின் தாய்ப் பக்கம்

அன்று காலை பிரசவ அறை வாசலில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மா ஒருமுறை வெளியே வந்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டார். கையில் எனாமல் தட்டோடு சிஸ்டர் நின்றிருந்தார். சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தவர் ராணியம்மா, பிள்ளை பெற்றவளின் மாமியார். ஐஸ் பெட்டியோடு நான். கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் ஊசி மயக்கத்தில் கோமளா. அவள் கால்மாட்டு மேசையில், பச்சைத் துணியில் சுற்றி, அழாத ஆண் குழந்தை. அவனையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், அவனும் அங்கேதான் இருந்தான். கோமளாவின் புருஷன் அங்கே இல்லை. அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. சேதி சொல்ல ஆள் போயிருந்தது.

சிஸ்டர் கையிலிருந்த தட்டில் நஞ்சு, பிள்ளைக்குப் பின்னால் வெளியே வருகிற நஞ்சுக்கொடி. நான் வந்தது அதற்காக.

நம் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நீங்கள் எல்லாரும் பட்டம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நஞ்சை எப்படிக் கழுவுவது, எந்தக் குப்பியில் போடுவது என்பதை நான் உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். அதெல்லாம் சுவரில் அச்சடித்து ஒட்டியிருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு வாசலில் போய் நிற்கும்போது என்னென்ன நடக்கும் என்று எந்தச் சுவரிலும் ஒட்டவில்லை. அதனால் அதை எழுதுகிறேன்.

இது இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் பத்து வருஷத்துக்குள் நடந்தது. அப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் கடைசித் தெருவில் நம் கூடம் ஒரு மாடிக் கட்டடம்தான். இந்தப் பக்கம் இரும்பு உருக்குகிறவன், அந்தப் பக்கம் பெயின்ட் காய்ச்சுகிறவன். நடுவில் நாம் நஞ்சுக்கொடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கம்பெனி வேன் ஓட்டுகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். நம்மிடம் நாற்றமே கிடையாது, நாற்றம் எல்லாம் பெயின்ட்காரனுடையது என்று யாரிடம் போய்ச் சொல்வது.

என்னை வேலைக்கு எடுத்த மேடம் முதல் வாரத்திலேயே ஒரு நஞ்சைத் தட்டில் விரித்து எனக்குக் காட்டினார். "இதுக்கு ரெண்டு பக்கம். கொடி ஒட்டியிருக்கற வழுவழுப்பான பக்கம் பிள்ளையோடது. சொரசொரன்னு இருக்கறது தாயோடது. தாய் ரத்தமும் பிள்ளை ரத்தமும் கலக்காது. நடுவுல ஒரு மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கதவுகள், புரதத்தால ஆனது" என்றார். சர்க்கரையை உள்ளே விடுவதற்கு ஒரு கதவு. அது இரண்டு பக்கமும் உண்டு, தாய்ப் பக்கம் கூடுதல். சத்துகளை உள்ளே இழுக்கத் தனித்தனிக் கதவுகள். இவை தவிர, வேண்டாததை வெளியே தள்ளுகிற ஒரு பம்பும் உண்டு. தாய் விழுங்கிய மருந்துகளில் சிலதைப் பிள்ளைக்குப் போகவிடாமல் தாயின் ரத்தத்துக்கே திருப்பித் தள்ளுவது அது. அந்தப் பம்பு தாய்ப் பக்கத்துச் சவ்வில்தான் அதிகம். எந்தக் கதவு எந்தப் பக்கம், கொடிக்கு அருகில் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு, எந்த மாதத்தில் கூடுகிறது, எந்த நோயில் குறைகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை. எனக்கு அன்றைக்குப் புரிந்தது அவ்வளவு. இன்றைக்கும் அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொன்னார். நஞ்சு வெளியே வந்த நிமிஷத்திலிருந்து கதவுகள் கெட ஆரம்பிக்கும். ஐஸில் போட்டு அரைமணிக்குள் கூடத்துக்குக் கொண்டுவந்தால்தான் கதவு வேலை செய்கிறதா என்று சோதிக்க முடியும். தாமதமானால், அழுகாமல் காக்கிற ஃபார்மலின் குப்பியில் போட்டு, கதவு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கலாம். அது திறந்ததா மூடியதா என்று பார்க்க முடியாது.

இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. நான் இயல்பிலேயே பயந்த ஆள். பூட்டிய பூட்டைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ரகம். ரயில் கேட் மூடிவிடுமோ, ஆட்டோ பஞ்சராகிவிடுமோ, பெட்டி மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று வழி முழுக்க மூடியைத் தடவிக்கொண்டே வருவேன். "அக்கா, அது இன்னா உன் கொயந்தையா, இப்டி தடவுற?" என்று ஆட்டோக்காரர் கேலி பண்ணுவார்.

கோமளாவை நாங்கள் முதலில் பார்த்தது ஒரு செக்கப் நாளில். நாங்கள் நஞ்சு எடுக்கப் போகும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில், வரிசையில் மாமியாரோடு உட்கார்ந்திருந்தாள். பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் பேக்கிங் வேலை. சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரை போட்டால் வராது, விட்டால் வரும். மேடத்துக்கு இப்படி ஒருவர் கிடைக்காமல் வெகு நாளாகத் தேடல். வலிப்பு மாத்திரை தினமும் சாப்பிடுகிற தாயின் நஞ்சில் அந்தப் பம்பு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கி, பிரசவமானதும் நஞ்சைத் தருவாளா என்று கேட்டார்.

ராணியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏம் மேடம், ஊர்ல எல்லாரும் கொயந்தையப் பாக்க வருவாங்க. நீங்க இன்னாத்துக்குக் கொடியப் பாக்க வர்றீங்க?"

"கொழந்தைக்கு சோறு போட்டது அதுதானேம்மா. அதையும் ஒரு வார்த்தை விசாரிக்கணும் இல்ல" என்றார் மேடம்.

ராணியம்மா சிரித்துவிட்டார். கோமளா சிரிக்கவில்லை.

"மேடம், நான் போட்ற மாத்திரை உள்ள புள்ளைக்குப் போவுமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் போகலாம். அதுக்குத்தான் உங்க டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்கறார். நீயா நிறுத்தக் கூடாது. வலிப்பு வந்தா அது உனக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து."

"எவ்ளோ போவுதுன்னு இதுல பாத்து எனக்குச் சொல்வீங்களா?"

மேடம் கொஞ்சம் யோசித்தார். "இது வைத்தியம் இல்லம்மா, ஆராய்ச்சி. உனக்குன்னு தனியா ஒரு பதில் கிடைக்கும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. பார்த்ததை வேணும்னா சொல்றேன்."

கோமளாவின் காதில் கடைசி வரி மட்டும் விழுந்தது என்று நினைக்கிறேன். சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, "தெனம் தெனம் மாத்திரைய முழுங்கினா புள்ளைக்கு இன்னா ஆவப்போவுதோ, எனுக்கு பேஜாராகீது" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அந்த முணுமுணுப்பு வீட்டில் எத்தனை மாசமாக நடந்துகொண்டிருந்ததோ.

இனி அந்த வாசலுக்கு வருகிறேன்.

வயிற்றிலேயே குழந்தையின் அசைவு நின்றுவிட்டது. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நாள் எல்லாம் நிறைந்த குழந்தை. ஏன் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை. பிள்ளையை எடுத்துக் காட்டியதும் கோமளா போட்ட கூச்சலில், வலிப்பு வந்துவிடப் போகிறது என்று டாக்டரம்மா ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டார். எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது 'கோமளாவுக்கு வலி எடுத்துவிட்டது' என்று மட்டும்தான் சொன்னார்கள். வாசலுக்கு வந்துதான் மற்றது தெரிந்தது.

சிஸ்டர் தட்டை என் பக்கம் நீட்டினார். "இந்தாக்கா, ஆட்டோ நிக்குது இல்ல? சீக்கிரம் எடுத்துக்கினு கெளம்பு."

நான் பெட்டி மூடியைத் திறந்தேன். தரையில் உட்கார்ந்திருந்த ராணியம்மா தலையைத் தூக்கினார்.

"எங்க எடுத்துக்கினு போறீங்க?"

"கையெழுத்துப் போட்டிருக்காங்க பாட்டி" என்றார் சிஸ்டர்.

"யாரு பாட்டி? பேரன் அங்க துணில சுத்திக் கெடக்குறான். என்னைப் பாட்டின்றியா?"

ராணியம்மா எழுந்து வந்து தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"கொயந்தைய எங்க ஏரிக்கரையில பொதைக்கப் போறோம். இதையும் அவன்கூட வெச்சு அனுப்பணும். கொடி ஒரு பக்கம் புள்ள ஒரு பக்கம் போனா அடுத்தது எப்படித் தங்கும்? உயிரோட பொறந்திருந்தா ஐஸ்ல வெச்சு எங்கயோ எடுத்துக்கினு போங்கன்னு நானே வுட்டிருப்பேன்."

அந்தக் கடைசிப் பேச்சு என்னைப் பிடித்து நிறுத்தியது. கோமளா கையெழுத்துப் போட்டபோது அழுகிற ஒரு பிள்ளையை மனதில் வைத்துத்தான் போட்டாள். பிள்ளை செத்துப் பிறந்தால் என்ன செய்வது என்று மேடம் கேட்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் யார் அதைக் கேட்பார்கள்? இப்போது பெட்டியில் போட்டுக்கொண்டு நான் கிளம்பினால் சட்டம் என் பக்கம். ஆனால் அவள் கண் விழித்து, பிள்ளையும் இல்லை, நஞ்சும் இல்லை என்றால்? சரி, ராணியம்மாவிடமே கொடுத்துவிடுகிறேன் என்றால், மாத்திரை உள்ளே போயிற்றா என்று தெரிந்துகொள்ளத்தானே அவள் கையெழுத்தே போட்டாள்?

இது எனக்கும் சொந்தமில்லை, ராணியம்மாவுக்கும் சொந்தமில்லை என்று மட்டும் பட்டது.

"அவங்க கண்ணு முழிக்கட்டும். கேட்டுட்டு எடுத்துக்கறேன்" என்றேன்.

"ஏங்க்கா, ஊசி இறங்க நேரமாவும். உன் டைம் போயிடும்" என்றார் சிஸ்டர்.

"போவட்டும்."

தட்டைத் தரையில் வைத்தோம். மேலே ஒரு துணியைப் போட்டு, நான் இந்தப் பக்கமும் ராணியம்மா அந்தப் பக்கமுமாக உட்கார்ந்தோம். எனக்கு மனசு கேட்கவில்லை.

"அம்மா, பொட்டியில போடல. தட்டுக்கு அடியில மட்டும் கொஞ்சம் ஐஸ் வெச்சுக்கட்டுமா?"

"இன்னாம்மா, மீனா இது?"

உள்ளே கட்டில் அசைகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராணியம்மா துணியின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அப்படித்தான் செய்வார்கள். ஈ ஒன்று வந்தது. முந்தானையால் விரட்டினார். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அரைமணி தாண்டியது எனக்குக் கடிகாரம் பார்க்காமலே தெரிந்தது.

கோமளா கண் விழித்ததும் டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார். நான் பெட்டியை வெளியிலேயே வைத்துவிட்டுப் போனேன். என்னைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எடுத்துட்டீங்களா?" என்றாள்.

"இல்லம்மா. உன்னைக் கேக்காம எடுக்கல."

"ஏங்க்கா? எடுத்துக்கினு போங்க. மாத்திரை போச்சான்னு பாருங்க. எனக்குத் தெரியணும்."

நான் மெல்லச் சொன்னேன். நேரம் போய்விட்டது, முழுச் சோதனை இனி முடியாது, சின்னத் துண்டுகளைக் குப்பியில் போட்டு வைத்தால் அந்தப் பம்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்கலாம் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு, "அப்போ அந்தத் துண்டு மட்டும் எடுத்துக்கங்க. மீதி அவனோட போவட்டும்" என்றாள்.

வெளியே வந்து, ராணியம்மா பார்க்க வெட்டினேன். கொடிக்கு அருகில் ஒன்று, நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. கட்டைவிரல் நகம் அளவுதான். குப்பிகளில் போட்டு மூடினேன்.

"அவ்ளோதானா?" என்றார் ராணியம்மா.

"அவ்ளோதாம்மா."

"இத்துனூண்டுதான்னா முன்னயே கேட்டிருக்கலாமே. நான் இன்னா பேயா? வெட்டிக்கோன்னு வுட்டிருப்பேன். நீ மொத்தமா இல்ல தூக்கினே."

கும்மிடிப்பூண்டிக்குத் திரும்புகிற வழி முழுக்க அந்தப் பேச்சு என்னோடு வந்தது. நம் வேலையில் நஞ்சு முழுசாக வர வேண்டும். எடை போட வேண்டும், அளக்க வேண்டும், கொடியின் நீளம் பார்க்க வேண்டும். முழுசாக வராத நஞ்சு, வராத நஞ்சு மாதிரிதான் என்று எனக்குப் பழக்கம். எடுத்தால் மொத்தம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. பாதியைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு மட்டுமில்லை, அங்கே நின்ற சிஸ்டருக்கும் தோன்றவில்லை. இந்த வேலையில் பழகாத யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

மேடம் திட்டவில்லை. குப்பிகளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கேட்டது சரி. காத்திருந்தது சரி. ஆனா நஞ்சுல ஒரு கைப்பிடி நேரத்தோட ஐஸ்ல வந்திருந்தாகூட ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்த பாடம் இதுவரைக்கும்தான். கேளுங்கள். கேட்கும்போது சுவரில் ஒட்டியிருக்கிற அளவையே கேட்காதீர்கள். எதிரில் இருக்கிறவர் எவ்வளவு கொடுக்க முடியும் என்று கேளுங்கள். இதற்கு மேல் நடந்ததில் என்ன பாடம் இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன். பிற்பாடு உங்களில் யாராவது அந்த இடத்தில் நிற்க வேண்டி வரலாம்.

சில வாரங்கள் கழித்து செக்யூரிட்டி போன் செய்தார், உன்னைத் தேடி இரண்டு பொம்பளைங்க வந்திருக்கிறார்கள் என்று. போனால் கோமளா கேட்டை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். ராணியம்மா பக்கத்தில் நின்றார்.

"பாத்தாச்சாக்கா?" என்றாள்.

"பாத்தாச்சு. வா, மேடமே காட்டுவாங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. "அத்தை போய்ப் பாத்துட்டு வரட்டும். எனக்குப் பயமாகீது."

ராணியம்மாவை மட்டும் மேலே கூட்டிக்கொண்டு போனேன். மேடம் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். கண்ணை எங்கே வைப்பது என்று ராணியம்மாவுக்குத் தெரிய கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இன்னாம்மா இது, புட்டு மாவு கொட்டி வெச்ச மாரி கீது."

"அந்த மாவுக் கட்டி ஒவ்வொண்ணுக்கும் ஓரத்துல பழுப்பா ஒரு கோடு தெரியுதா?" என்றார் மேடம்.

"ஆங், ஆங். பொடவைக்கு பார்டர் கணக்கா."

"அதுதான் அந்தப் பம்பு, நாங்க சாயம் ஏத்தியிருக்கோம். அந்த பார்டர் இருக்கற பக்கம் உங்க மருமக ரத்தம் ஓடின பக்கம். உள்பக்கம் பிள்ளையோடது. அங்க பாருங்க, பார்டர் இல்லை."

ராணியம்மா வெகு நேரம் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அப்ப மாத்திரைய இது தள்ளி வுட்டுச்சா?"

"பம்பு இருந்துச்சும்மா. தள்ளுச்சான்னு சொல்ல முடியாது. கிணத்துல மோட்டார் இருக்குன்னு பார்த்து, அது தண்ணி எறைச்சுதான்னு சொல்ல முடியுமா?"

"கரண்டு வந்துச்சான்னு பாக்கணும்."

"அதேதான். அதைப் பார்க்க நேரம் போயிடுச்சு. முழுசா பார்த்திருந்தாலும் குழந்தை ஏன் போச்சுன்னு இது சொல்லாது."

ராணியம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

படி இறங்கிக் கேட்டை நோக்கி நடந்தோம். பாதி வழியில் ராணியம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவ மாத்திரைய நிறுத்திட்டா."

"எப்போலேந்து?"

"புள்ளைய பொதைச்சுட்டு வந்ததுலேந்து. வாயில போட்டுக்கற மாரி போட்டுக்கினு பொறவாண்ட போய்த் துப்பிட்றா. மாத்திரைதான் புள்ளைய சாவடிச்சுதுன்னு அவளுக்கு. போன வாரம் அடுப்பாண்ட இழுத்துக்குச்சு. நான் ஊட்ல இருந்தேன், ஏதோ தப்பிச்சா. கை வெந்து கீது. காட்ட மாட்றா."

முந்தானைக்குள் இருந்த கை எனக்கு ஞாபகம் வந்தது. "மேடம்கிட்ட இப்பவே சொல்லியிருக்கலாமேம்மா. டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போகலாமே."

"பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிட்டு வந்துட்டோம். டாக்டரு தலையால தண்ணி குடிச்சாரு. அவ காதுல ஏறல. கொடியப் பாத்தவங்க சொல்லட்டும், அப்புறம் போட்றேன்றா." கேட் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வாயாடி நான்தான் அவ மாசமா இருந்தப்போ பூரா மாத்திரை மாத்திரைன்னு அவ காதுல ஓதிக்கினு இருந்தேன். இப்ப நானே சொல்லிக்கிறேன். நீ குறுக்கப் பேசாத. சும்மா நில்லு, போதும்."

அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது என்பது நம் வேலையின் முதல் விதி. உங்களுக்கும் அதைத்தான் முதலில் சொல்லித் தந்திருப்பார்கள். திரும்பி ஓடிப் போய் மேடத்தைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று நின்றேன். மேடம் வந்தால் உண்மையைச் சொல்வார். தெரியாது என்பார். தெரியாது என்று காதில் விழுந்தால் கோமளா அடுத்த மாத்திரையையும் துப்புவாள். இதை நான் யோசித்து முடிப்பதற்குள் ராணியம்மா கேட்டுக்குப் போய்விட்டார். நானும் பின்னால் ஓடினேன்.

கோமளா எழுந்து நின்றிருந்தாள்.

"போவலையாம்டி" என்றார் ராணியம்மா. "என் கண்ணால பாத்தேன். உன் பக்கம் வரிசையா பார்டர் கட்டின மாரி நிக்குது. ஒரு சொட்டு உள்ள வுடல. எல்லாத்தையும் உனக்கே தள்ளி வுட்டிருக்குது."

கோமளா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அப்படியாக்கா?"

ஒரு லாரி கேட்டுக்குள் திரும்பியது. அது போய் முடிகிற வரைக்கும் எனக்கு நேரம் கிடைத்தது. நான் தலையை ஆட்டினேன்.

ராணியம்மா இடுப்பிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். தயாராகவே கொண்டுவந்திருந்தார். ஒன்றை அழுத்தி எடுத்து அவள் இடது கையில் வைத்தார். செக்யூரிட்டி மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை நான் திறந்து கொடுத்தேன். கோமளா மாத்திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வாயில் போட்டு விழுங்கினாள்.

"நாக்கக் காட்டு" என்றார் ராணியம்மா.

சின்னப் பிள்ளை மாதிரிக் காட்டினாள். ராணியம்மாவின் முகம் அப்போதுதான் தளர்ந்தது. மருமகளின் வாயோரத் தண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்தார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. ஒரு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

கோமளா பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தாள்.

"அப்போ அவன் எதுனால போனான் அத்தை?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ராணியம்மா மாத்திரை அட்டையை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலும் மைக்ராஸ்கோப்பு முன்னாலும் ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு பேசிய மனுஷி அவர். மாத்திரையின் மேல் பழி இருந்தவரைக்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரு காரணம் இருந்தது. கொடுமையான காரணம்தான், ஆனாலும் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது. அதை நாங்கள் இருவரும் சேர்ந்து பிடுங்கிவிட்டோம். அந்த இடத்தில் வைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

பஸ் வந்தது. ராணியம்மா அவள் தோளைப் பிடித்து எழுப்பினார். படியில் கால் வைத்துவிட்டுக் கோமளா என் பக்கம் திரும்பினாள்.

"மேடம்கிட்ட கேட்டு வையுங்கக்கா. இவ்ளோ பாத்தவங்க அதையும் பாத்திருப்பாங்க. அடுத்த வாட்டி வர்றப்போ சொல்லுங்க."

"கேட்டு வைக்கிறேன்மா" என்றேன்.